ஏற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்



நகை வாங்குவதென்றால் வீட்டு ஆண்பிள்ளைகள் நம்மைக் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. புடவை என்றால் சொல்லவே வேண்டாம். ஆனால் கார் சமாசாரம் என்று வந்துவிட்டால், "நிறம் எது வேண்டும், சொல்!" என்பதோடு நம் அபிப்பிராயத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். வண்டிக்கு அடியில் இருப்பதெல்லாம் அவர்கள் இலாகா. அதில் ஏறி உட்காருவது மட்டும் நாமும், நம் குழந்தைகளும், நம் மாமியார்களும்!

இந்த வாரம் அந்த இலாகாவுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கப் போகிறேன். காரணம் இல்லாமல் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு விஷயத்துக்கு நான் தலையாட்டியதால் வந்த வினையைச் சொல்லி, அதற்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிற ஊர். கிழக்கே சமுத்திரம், பக்கத்தில் ஆறு, தெற்கே போனால் பிச்சாவரத்து உப்பங்கழி. மழைக்காலம் வந்தால் எங்களுக்குத் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு. 2015-ம் வருஷத்து வெள்ளத்தைக் கடலூர் ஜில்லாக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. அதனால், என் அண்ணன் மகன் ஒரு பழைய டஸ்டர் வண்டியை வாங்கி வந்தபோது எங்கள் எல்லோருக்குமே சந்தோஷம். ரெனால்ட் கம்பெனியார் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்த வண்டி அது. சாதாரண டஸ்டர் 2012-ல் வந்தது. இவன் வாங்கியது 2014-ல் அறிமுகமான ஆல் வீல் டிரைவ் ரகம். அதாவது, வேண்டியபோது நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் சக்தி போகும். அந்தத் தலைமுறை டஸ்டர் 2022-ல் நின்றுபோனது. ஆனாலும் மணலிலும் சேற்றிலும் போகிறவர்கள் பழைய வண்டியைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்.

வாங்கிய மூன்றாம் மாதம் பையன் என்னிடம் வந்து நின்றான்.

"அத்தை, வண்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்தணும். முன்பக்க ஸ்ட்ரட்டுக்கு மேலே ஒரு ஸ்பேசர் வைத்தால் நாலு சென்டிமீட்டர் ஏறிடும். பின்னாலும் அதே மாதிரி. மழை வந்தா நமக்குத்தான் நல்லது. அப்பா கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஸ்பேசர்னா என்னடா?"

"சும்மா ஒரு வட்டக் கட்டை அத்தை. நாற்காலிக் காலுக்குக் கீழே செங்கல் வைப்போமில்லையா, அந்த மாதிரி!"

செங்கல் உபமானம் எனக்குப் பேஷாகப் புரிந்தது. அண்ணனிடம் சொன்னேன். அண்ணனும் பணம் கொடுத்தார். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் ஒரே பகலில் வேலை முடிந்தது. வண்டி கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. தெருப் பிள்ளைகள் சுற்றி வந்து பார்த்தார்கள்.

முதல் ஆட்சேபம் என் தாயாரிடமிருந்து வந்தது. அவளுக்கு வயது எண்பத்திரண்டு. சிதம்பரத்தில் கண் டாக்டரைப் பார்க்கப் போகவேண்டும். வண்டிக் கதவைத் திறந்து விட்டால், படிமேல் கால் எட்டவில்லை. முக்காலியைக் கொண்டு வந்து போட்டு, இரண்டு பேர் தாங்கி ஏற்றினோம். "ஏண்டி, இது காரா, தேரா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

பு. முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் வண்டி திரும்பியபோது 'டக், டக், டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நேரே போனால் சத்தம் இல்லை, திரும்பினால் வருகிறது. சிறு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் மேலே 'தடால்' என்று ஓர் இடி. ஸ்டியரிங்கும் ஒரு நிலையில் நிற்காமல் அலைந்தது. பையனின் முகம் வெளுத்துவிட்டது. மெல்ல மெல்ல ஓட்டித் திருப்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். அன்றைக்குக் கண் டாக்டரைப் பார்க்கவில்லை.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் பாயிடம் வண்டியைக் கொண்டு போனான். நானும் கூடவே போனேன். தலையாட்டியவள் நான்தானே! பாய் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தவர், பையனைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, இப்படி வந்து பாருங்க. இது பிரேக்குக்கு எண்ணெய் போகிற ரப்பர் குழாய்."

பார்த்தேன். துணி உலர்த்தும் கொடி மாதிரி விறைப்பாக இழுபட்டு நின்றது அந்தக் குழாய். பெரிய பள்ளம் ஒன்றில் சக்கரம் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த என் தாயாரின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அன்று பாய் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

காரின் முன் சக்கரங்களுக்கு மேலே, பானெட்டைத் திறந்தால் இரு பக்கமும் வட்டமாய் ஒரு மேடு தெரியும். அதற்குக் கீழே நிற்கிற தூண்தான் ஸ்ட்ரட். இதில் இரண்டு பொருள்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, வண்டியின் பாரத்தைத் தாங்குகிற சுருள் ஸ்பிரிங். இன்னொன்று, அதற்குள்ளே இருக்கும் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் என்பது ஊஞ்சல் மாதிரி. ஒரு தடவை ஆட்டிவிட்டால் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். கையை நீட்டிப் பிடித்து நிறுத்துகிற பெரியவர்தான் ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னத் துவாரங்கள் வழியே கஷ்டப்பட்டுப் போக வேண்டியிருப்பதால் ஆட்டம் அடங்குகிறது.

அத்துடன் வேலை முடியவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறது? இந்தத் தூணே அந்த அச்சு. அதன் தலையில் ஒரு ரப்பர் மவுன்ட்டும் பேரிங்கும் உண்டு. சக்கரம் செங்குத்தாக நிற்க வேண்டும் என்று பிடித்துக்கொள்வதும் இதுவே. வீட்டு மூத்த மருமகளைப் போல, சமையல், கணக்கு, குழந்தைகள், விருந்தாளி எல்லாம் ஒருத்தி தலையில்! அவளுடைய ஒரு வேலையை மாற்றினால் மற்ற எல்லாமும் மாறிவிடும் அல்லவா?

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர். ஷெவர்லே கம்பெனிக்காக அவர் திட்டமிட்ட சின்னக் கார் விற்பனைக்கே வரவில்லை. அவர் ஃபோர்டு கம்பெனிக்குப் போனார். 1950-ல் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல், ஜெஃபிர் கார்களில் அவருடைய ஸ்ட்ரட் வந்தது. நம் நாட்டு அம்பாசடரின் முன்புறத்தில் ஸ்ட்ரட் கிடையாது; நீளமான முறுக்குக் கம்பிதான் ஸ்பிரிங் வேலையைச் செய்தது. நடுத்தரக் குடும்பத்து வாசலுக்கு ஸ்ட்ரட்டைக் கொண்டு வந்தது 1983-ல் வந்த மாருதி 800. பாகங்கள் குறைவு, இடம் குறைவு, செலவு குறைவு. இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்புறத்தில் இதுதான்.

இனி, செங்கல் உபமானத்துக்கு வருவோம். நாற்காலிக் காலுக்குச் செங்கல் வைத்தால் நாற்காலி உயரும், வேறொன்றும் ஆகாது. ஆனால் காரின் சக்கரம் கீழே ஒரு கைபோன்ற இரும்பால் வண்டியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு லோயர் ஆர்ம் என்று பெயர். தரைக்குச் சுமாராக இணையாக இருக்க வேண்டிய அந்தக் கை, வண்டி உயர்ந்ததும் கீழ்நோக்கிச் சாய்கிறது. சாய்ந்த கை சக்கரத்தின் அடிப்பகுதியை உள்ளே இழுக்கிறது. சக்கரத்தின் தலை வெளியே சாய்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பியும் சாய்ந்துவிடுவதால் இரண்டு சக்கரங்களும் நேரே பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றன. பள்ளம் மேட்டில் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். டயரின் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும். வீல் அலைன்மென்ட் செய்தால் பார்வையை நேராக்கலாம். ஆனால் தலைச் சாய்வைத் திருத்த அநேக கார்களில் வழி வைத்திருப்பதில்லை.

அடுத்தது, சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் மடங்கிச் சுழலும் மூட்டு இருக்கிறது. அதற்குக் கிரீஸ் பூசி, ரப்பர் உறை போட்டு மூடியிருப்பார்கள். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிய கைகளுக்குத் தெரியும். மணிக்கட்டு நேராக இருந்தால் ஒரு மணி நேரம் ஆட்டலாம். மடித்து வைத்துக்கொண்டு ஆட்டினால் பத்து நிமிஷத்தில் வலி எடுக்கும். வண்டி உயர்ந்தால் அந்த மூட்டுகள் எப்பொழுதும் அதிகமாக மடங்கியே சுழலும். ரப்பர் உறை உரசிக் கிழியும். கிரீஸ் வெளியே போகும். மணலும் உப்புத் தண்ணீரும் உள்ளே போகும். நாங்கள் கேட்ட 'டக், டக்' சத்தம் அதுதான். சாதாரணக் காரில் இப்படிப்பட்ட ஷாஃப்ட் முன்னால் இரண்டு மட்டும். ஆல் வீல் டிரைவ் வண்டியில் பின்னாலும் இரண்டு. ஆக, ஆபத்தும் இரண்டு மடங்கு. இந்த ரக வண்டிக்கு நான்கு டயர்களும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தோடு இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, நடுவில் இருக்கும் கியர்களைச் சிரமப்படுத்தும்.

"சரி பாய், ஸ்பேசர் வைக்காமல் கனமான ஸ்பிரிங் போட்டால்?" என்று பையன் கேட்டான்.

"தம்பி, ஸ்பிரிங் கம்பி கனத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிடும். அப்புறம் உன் பாட்டி இடுப்புக்கு யார் பதில் சொல்றது?"

அதற்குப் பிறகு பாய் ஒரு காரியம் செய்தார். ஸ்பேசரை எல்லாம் கழற்றிவிட்டு, வண்டியைச் சமதரையில் நிறுத்தினார். தையற்கார நாடாவை எடுத்தார். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்தார். இடது, வலது, முன், பின் என்று நான்கு அளவுகள். தெரிந்தவர் ஒருவரிடம் அதே ரக வண்டி நல்ல நிலையில் இருந்தது. அதையும் அளந்து வரச் சொன்னார். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்.

என்ன ஆச்சரியம்! எங்கள் வண்டி முன்புறத்தில் இரண்டரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. இடது பக்கம் இன்னும் அரை சென்டிமீட்டர் அதிகம். கழற்றிப் பார்த்தால், இடது ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அடித்தட்டில் உட்காருகிற இடத்தில் துருப்பிடித்து, ஒரு துண்டு ஒடிந்தே போயிருந்தது. கடற்கரை ஊர்களில் இது சகஜமாம். அந்தத் தட்டில் உப்பு மண்ணும் ஈரமும் தங்கி நிற்கும். ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து வற்றியிருந்தது.

பையன் தேடிய நான்கு சென்டிமீட்டரில் இரண்டரை, வண்டி ஏற்கெனவே பெற்றிருந்து இழந்த உயரம்! தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இந்த ரகத்துக்குத் தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. தேய்ந்துபோனதை மாற்றாமல், தேய்ந்ததன்மேல் கட்டை வைத்துவிட்டோம். பல் ஆடுகிறது என்றால் பல்லைப் பார்க்காமல் உதட்டுக்குச் சாயம் பூசிய கதைதான்.

பழைய வண்டியை 'மாற்றி அமைக்க' ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இது ஒன்றுதான்: முதலில் அளந்து பாருங்கள். வண்டி இழந்தது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அதைத் திருப்பிக் கொடுங்கள். அதற்கு மேலும் வேண்டுமா என்பதைப் பிறகு யோசிக்கலாம். பெரும்பாலும் வேண்டியிராது.

அதே ரகத்துக்கு உரிய புது ஸ்பிரிங், புது ஸ்ட்ரட், மேல் மவுன்ட், பேரிங் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஜோடியாகப் போட்டார் பாய். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி நொண்டும். கிழிந்த ரப்பர் உறையும், இழுபட்ட பிரேக் குழாயும், சத்தம் போட்ட மூட்டும் மாறின. கடைசியில் வீல் அலைன்மென்ட். ஸ்ட்ரட்டின் தலை நட்டை வீட்டில் கழற்றிப் பார்க்க ஒருநாளும் யாரையும் விடாதீர்கள். அமுக்கி வைத்த ஸ்பிரிங் பீரங்கிக் குண்டு மாதிரி எகிறும். அதற்கென்று உள்ள அமுக்குக் கருவி இல்லாமல் தொடக்கூடாது.

பீரங்கி என்றதும் ஊர் ஞாபகம் வருகிறது. 1781-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் இங்கே நடந்த யுத்தத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதைவிட எனக்குப் பிடித்த கதை வேறொன்று. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புத் தாதுவைத் தருவித்து, கரி அடுப்பில் உருக்கி, இந்தப் பரங்கிப்பேட்டையிலே பெரிய இரும்பாலை நடத்தினார். ஆலை நிலைக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் சீமைக்குத் திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் உரிமம் பெற்றார். இன்று கார் ஸ்பிரிங்குக்கான எஃகிலும் மாங்கனீஸ் உண்டு. எங்கள் ஊர் மண்ணில் நின்று இரும்போடு மல்லாடிய ஒருவரின் யோசனை, எங்கள் வாசலில் நிற்கும் வண்டியின் சுருளுக்குள்ளேயும் இருக்கிறது என்று நினைத்தால் சந்தோஷமாகத்தானே இருக்கிறது!

மழைத் தண்ணீருக்கு உயரம் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். எஞ்சின் மூச்சு விடுகிற காற்றுக் குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் எஞ்சின் போச்சு. அந்தக் குழாய் நான்கு சென்டிமீட்டர் ஏறியதால் வெள்ளத்தை ஜெயிக்க முடியாது. ஓடுகிற தண்ணீர் இரண்டடி ஆழம் இருந்தால் பெரிய வண்டியையும் மிதக்கவிட்டு இழுத்துப் போகும். ஸ்ட்ரட்டை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த இடத்தில் செய்யத்தக்கது, திரும்பி வந்துவிடுவது ஒன்றுதான். மேலும், வண்டி உயர்ந்தால் அதன் பாரமும் உயர்கிறது. வேகமாகத் திரும்பும்போது சாய்வதும் அதிகமாகும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்தித் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷத்துத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இன்ஷ்யூரன்ஸ்காரர்களும் பிறகு கேள்வி கேட்பார்கள். ஆகையால் எதையும் மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

இனி, சகோதரிகளே, கை அழுக்காகாமல் நாமே செய்யக்கூடிய ஐந்து பரீட்சைகள்:

ஒன்று: தையல் நாடாவால் மேலே சொன்ன நான்கு அளவுகளை எடுத்து, காலண்டர் ஓரத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் தெரிந்தால் கேளுங்கள்.

இரண்டு: வண்டி நிற்கும்போது டயரின் மேல் கையை வைத்து உள் ஓரம், வெளி ஓரம் இரண்டையும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மழமழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு என்றால் சக்கரம் நேராக நிற்கவில்லை.

மூன்று: முன் சக்கரங்களுக்கு உட்புறம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கிறதா, ஸ்ட்ரட்டின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

நான்கு: காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். ஜன்னலை இறக்கிவிட்டுக் காது கொடுங்கள். 'டக், டக்' என்றால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

ஐந்து: கடற்கரைக்குப் போய் வந்த அன்றே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். மேலே பளபளவென்று துடைத்துவிட்டு அடியை மறந்துவிடுவது ஆண்பிள்ளைகள் வழக்கம்.

யாராவது ஸ்ட்ரட்டில் கை வைக்கலாம் என்று சொன்னால் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது பிரேக் குழாய் எப்படி இருக்கும்? டிரைவ் ஷாஃப்ட் எவ்வளவு மடங்கும்? வேலை முடிந்ததும் அலைன்மென்ட் அளவுகளைக் காகிதத்தில் எழுதித் தருவீர்களா? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். இந்த மூன்று கேள்விகளையும் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியவில்லை, தலையாட்டத்தான் தெரிந்தது.

போன வாரம் மறுபடியும் சிதம்பரத்துக்குப் புறப்பட்டோம். கதவைத் திறந்ததும் என் தாயார் வழக்கம்போல, "முக்காலி எங்கேடி?" என்றாள்.

"முக்காலி வேண்டாம் பாட்டி," என்றான் பையன்.

அவள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, தானாகவே ஏறி உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, "இப்பத்தான் இது கார்," என்றாள்.

பாலத்தைத் தாண்டும் வரை நான் ஜன்னலோரம் காது கொடுத்துக்கொண்டே வந்தேன். காற்றின் சத்தம்தான் கேட்டது.